சல்பியா அக்காவின் வலது கால்

மலேசியாவின் மூவாரில் பள்ளி வேன் ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. தன்னைவிட நன்றாக ஓட்ட ஊரில் ஆளே கிடையாது என்ற நினைப்பு. எனக்கும் இருக்கிறது. சல்பியா அக்காவுக்கு அது கொஞ்சம் முற்றிப் போயிருந்தது.

அவளுக்கு வேன் என்றால் வீடு. வீட்டுக்குள் யாராவது செருப்போடு நுழைவார்களா? பிள்ளைகள் கதவருகிலேயே சப்பாத்தைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும். உள்ளே பூப்போட்ட பாய். அக்காவும் வெறுங்காலோடுதான் ஓட்டுவாள். பெட்ரோல் நிலையத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியேறி, வீட்டு வாசலில் இறங்கும்போது அதைத் தேடிய கதையெல்லாம் உண்டு. நான் சிரித்தால் விடமாட்டாள்.

"பெடல் பேசறது பாதத்துக்குத்தான் கேக்கும், சன்னா. உன்ன மாதிரி பூட்ஸ மாட்டிக்கிட்டா உழவு மாட்ட ஓட்டற மாதிரிதான் ஓட்டணும்."

சர்க்கரை வியாதி அவளுக்குப் பல வருடங்களாக இருந்தது. பால் தேத்தண்ணியை மட்டும் விடவில்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்!

ஒரு நாள் காலை, பாலர் பள்ளி வாசலில் அவளுடைய வேன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மெதுவாகப் போய்க் குப்பைத் தொட்டியைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. யாருக்கும் அடி இல்லை. அக்கா இறங்கி பிரேக்கைத் திட்டினாள், அதைப் பழுது பார்த்தவனைத் திட்டினாள். பின்னால் வந்த நானும் இறங்கி ஓடினேன். அப்போது அடிப் என்ற பொடியன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஆன்ட்டி, பாயில ரத்தம்."

அக்காவின் வலது பாதத்தில் ஒரு குண்டூசி தலைவரைக்கும் ஏறியிருந்தது. பிள்ளைகளின் பையிலிருந்து விழுந்திருக்கும். எப்போது குத்தியது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் பிடுங்கினேன். அவள் 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பைத் தொட்டி விழுந்ததற்குப் பயப்படாத நான் அதற்குப் பயந்துவிட்டேன்.

சர்க்கரையால் கால் நரம்பு மரத்துவிட்டது, மலாக்கா மறுவாழ்வு மையத்தில் சோதிக்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வேனில் வந்த பிள்ளைகள் என் தலையில் விழுந்தார்கள். ஏறினவுடன் அத்தனை பேரும் சப்பாத்தைக் கழற்றி எறிவார்கள். இறங்கும்போது எந்தச் சப்பாத்து எந்தக் காலுக்கு என்று தேடித் தேடி எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சோதனை," என்றாள் மலாக்கா போகும் வழியில். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "அந்த வாலுங்க இல்லன்னா காலைல எந்திரிக்கவே தோணல, சன்னா."

சோதித்தவர் தியோ என்ற சீனப் பெண். வாகனம் ஓட்டத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. அக்காவைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றைக் கையில் எடுத்தார்.

"ஆன்ட்டி, இது பாதத்துல படறப்ப மட்டும் 'ஆமா' சொல்லுங்க."

இழை பெருவிரலைத் தொட்டது.

"ஆமா," என்றாள் அக்கா. கொஞ்சம் விட்டு, "ஆமா." மறுபடி, "ஆமா."

தியோ கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அறையில் யாரும் அசையவில்லை.

"ஆமா," என்றாள் அக்கா. "ஆமா... இப்பக்கூட. ஆமா."

எனக்கு அவளை உலுக்கி நிறுத்த வேண்டும்போல் இருந்தது. அறையின் அமைதி உறைத்திருக்க வேண்டும், அக்கா கண்ணைத் திறந்தாள். மடியில் கிடந்த கையைப் பார்த்தாள்.

"எப்ப எடுத்தீங்க?"

"ரொம்ப நேரமாச்சு, ஆன்ட்டி."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து உட்கார்ந்து பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அப்ப இந்தக் கால வெச்சுக்கிட்டா புள்ளைங்கள..." என்றாள். மேலே சொல்ல முடியாமல் அழுதாள். நான் அவள் அழுது பார்த்ததில்லை.

தியோ அழ விட்டார். பிறகு அதே இழையை அவள் உள்ளங்கையில் வைத்தார். கை ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை.

"கால்தான் போச்சு. கை நல்லா இருக்கு," என்றார் தியோ. "கையால ஓட்டக் கத்துக்கிறீங்களா?"

மையத்தின் காரில் பெடல்களை ஒரு தகடு மூடியிருந்தது. ஸ்டியரிங்கை ஒரு கையால் திருப்ப ஒரு குமிழ், அது வலது கைக்கு. இடது கைக்கு ஒரு கம்பி. இழுத்தால் ஓடும், முன்னால் தள்ளினால் நிற்கும். ஊரிலேயே நன்றாக ஓட்டுகிறவள் முதல் நாள் தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போனாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "இறங்கி வந்தேன்னா பாரு!" என்று கத்தினாள். அந்தக் கோபத்தைக் கேட்டபிறகுதான் எனக்கு நிம்மதியாயிற்று.

சில மாதங்கள் கழித்துச் சாலைத் தேர்வு. தியோ பக்கத்தில், நான் பின்னால். சந்தை அருகே மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று ஒருவழிப் பாதையில் எதிரே பாய்ந்து வந்தது. அக்காவின் இடது கை கம்பியைத் தள்ளியது. கார் அப்படியே நின்றது. மீன்காரன் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

"ரொம்ப நல்லா நிறுத்தினீங்க, ஆன்ட்டி! இனி பிள்ளைங்கள ஏத்தலாம்னு எழுதிடறேன்," என்றார் தியோ.

அக்கா காரை ஓரம் கட்டினாள்.

"எழுதாதீங்க."

"ஏன்?"

"முதல்ல கால்தான் பிரேக்குக்குப் போச்சு. தகட்ட மிதிச்சேன். பாதத்துக்குத் தெரியல, ஆனா தொடை இறுகிச்சு. கை அதுக்கப்புறம்தான் வந்துச்சு."

நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, உனக்குப் பைத்தியமா? கார் நின்னுச்சுல்ல?"

"வேனு நிறைய புள்ளைங்க இருந்தாலும் இப்படித்தான் சொல்லுவியா?" என்றாள்.

"சரி. இன்னும் மூணு மாசம் பிள்ளைங்கள ஏத்தாம தனியா ஓட்டுங்க. அப்புறம் வாங்க," என்றார் தியோ.

தன் பழைய காரில் கம்பி பொருத்திக்கொண்டு தினமும் கிளம்பினாள். சந்தைக்குப் போனாள், கடற்கரைக்குப் போனாள், என் வேன் பின்னாலேயே வந்து நான் ஓட்டுவதைக் குறை சொன்னாள். மூன்று மாதம் கழித்து மறுபடி மலாக்கா. இந்த முறை ஒரு லாரி திடீரென்று நின்றது. அக்காவும் நிறுத்தினாள்.

"இப்ப கால் போச்சா, ஆன்ட்டி?" என்று கேட்டார் தியோ.

அக்கா நன்றாக யோசித்தாள்.

"போகல."

தியோ குனிந்து காலைப் பார்க்கவில்லை. அவள் சொன்னதே போதும் என்று பேனாவை எடுத்தார்.