கப்டன் சால்ட்டும் பதினேழாம் கட்டமும்

உப்புக்காற்றில் ஊறிப்போன "கசெற்" ஓடத் தொடங்கும்போது பாட்டுக்கு முன்னால் "கிர்ர்" என்றொரு சத்தம் வரும். கப்டன் சால்ட் என்ற பெயரைக் கேட்டால் இன்றும் என் காதில் முதலில் விழுவது அதுதான். மன்னாரில் எனக்குப் பதின்மூன்று வயதான வருடம், கப்பலில் வேலைசெய்த சின்ன மாமா அவருடைய பாட்டுக் கசெற்றை ஜமேக்காவிலிருந்து கொண்டுவந்தார். அட்டையில் வலைப் பெனியனோடு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற அந்தப் பாடகரும் எங்களைப்போல ஒரு மீன்பிடிகாரரின் மகன்தான், துறைமுகத்தில் ஐஸ் விற்றவர், வெளிமுற்றத்தில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கிவைத்து ஆடிய கூட்டத்துக்குள் ஒருநாள் புகுந்து, மைக்கைப் பறித்துப் பாடிப் பெயரெடுத்தவர் என்றார் மாமா. அந்த வகைப் பாட்டுக்கு "டான்ஸ்ஹால்" என்று பெயராம். ஹாலே இல்லை என்பது வேறு விஷயம்.

அந்தத் தவக்காலம் முழுவதும், அம்மா "குசினி"யில் சமைத்தபடி, "டேய், உந்தப் பாட்டை நிப்பாட்டு! சாத்தானுக்கு விக்கல் எடுத்த மாதிரிக் கிடக்கு!" என்று கத்தக் கத்த, ஒரு சொல்லும் விளங்காமல் நானும் கூடவே பாடினேன். "நீ வளர்ந்தாப்பிறகு அந்தாளை நேரில பாக்கக் கூட்டிக்கொண்டு போறன்," என்றார் மாமா. அடுத்த பயணத்தில் கப்பல் திரும்பியது, அவர் திரும்பவில்லை. அந்த வாக்கை நானே நிறைவேற்றுவதென்று முடிவெடுத்தேன்.

பிறகு மெல்பேர்ணுக்கு வந்து, குடிவரவு அலுவலகத்தில் முப்பது வருடம் விசா விண்ணப்பங்களைப் படித்து முடிவு சொன்னேன். கூட வேலைசெய்தவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டமாட்டார்கள், என்னைக் கேட்பார்கள். அதில் எனக்குப் பெருமை.

போன கிழமை, கிளேட்டனில் இருக்கும் மகள் வந்திருந்தாள். போனைப் பார்த்தபடி, "அப்பா, உங்கட கப்டன் செத்துப்போனாராம். பாவம், கடைசியா ஒருக்கா இஞ்சை பாட இருந்தவராம், விசா குடுக்கேல்லையாம்," என்றாள்.

"ஆர் அந்த மடையன்?" என்றேன்.

அவள் அவருடைய சொந்தப் பெயரை வாசித்தாள். நடுவில் இக்னேஷியஸ். கையிலிருந்த தேநீர்க் கோப்பையை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

எங்கள் ஐயாவின் ஞானஸ்நானப் பெயரும் அதுவே என்பதால் அந்தப் பெயரோடு என் மேசைக்கு வந்த விசாக் கோப்பு மறக்கவில்லை. நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய மாதம் வந்தது. படத்தில் பல் விழுந்த ஒரு கிழவர். தொழில்: பாடகர். வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கும் பதினேழாம் கட்டம் வெறுமையாக இருந்தது. மேடைப் பெயர் இல்லாத பாடகரா? எதையோ மறைக்கிறார் என்று எழுதினேன். ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். விதி அதை அனுமதித்தது, கட்டாயப்படுத்தவில்லை. நிராகரித்துக் கையொப்பமிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றாள் மகள்.

"ஒண்டுமில்லை, பிள்ளை."

மாமா இல்லை, அம்மா இல்லை, கசெற்றும் எந்த வீடு மாறும்போதோ தொலைந்துபோனது, இப்போது பாடியவரும் இல்லை. மிச்சம் அந்தக் கையொப்பம்தான். கோப்புகளை எத்தனை வருடம் பாதுகாத்து வைத்துப் பிறகு அழிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.