நெற்றியில் எழுதிய நேரம்

பூட்ஸ் தோலில் குறி போடும் வெள்ளி மைப் பேனா ஒன்று என் மேசை டிராயரில் கிடக்கிறது. மை காய்ந்துவிட்டது. அதைக் கொண்டு சிஸ்டர் ஒரு மனிதரின் நெற்றியில் 10.40 என்று எழுதியதைப் பார்த்தவன் நான். ஆம்பூர்ப் பக்கம் ராணுவ பூட்ஸ் ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலையில் நான் நிர்வாக அலுவலராக இருந்தேன். சிஸ்டர் அங்கே மருத்துவ அறை நர்ஸ், அதற்கு முன் ராணுவ மருத்துவமனையில் இருந்தவர். சேர்ந்த வாரமே, ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டை ஆறு வேண்டும் என்று எழுதிக் கேட்டார். ஒரு பட்டை, அதை முறுக்க ஒரு குச்சி, அவ்வளவுதான். முதலுதவிப் பெட்டிக்கான பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். "நம்ம பூட்ஸ் போட்டுக்கினு போறவன் இடுப்புல இது இருக்குது சார். தைக்கிறவனுக்கு இன்னா இருக்குது? பஞ்சும் டிஞ்சரும்!" என்றார். நான் சிரித்தேன்.

போர்தான் மருத்துவத்தை வளர்த்தது என்று மேடைகளில் பெருமையாகச் சொல்கிறார்கள். உண்மைதான். சிப்பாய் செத்தால் போரில் தோற்பார்கள்; அதனால் ரத்தத்தை நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். தொழிலாளி செத்தால் இன்னொருவர் பேரணாம்பட்டு பஸ்ஸில் வந்து இறங்குவார். தரையிலிருந்து ரத்தத்தைக் கழுவ எங்களிடம் எழுதப்பட்ட நடைமுறை இருந்தது; நிறுத்தத்தான் இல்லை.

ஒரு காலை, தோல் சீவும் எந்திரத்தில் ஒருவரின் முன்கை சிக்கியது. சிஸ்டர் ஓடினார், பின்னால் நான், விபத்துப் பதிவேட்டோடு. மேசையில் கிடந்த தோலில் அகலமாக ஒரு பட்டை அறுத்து, முழங்கைக்கு மேல் கட்டி, ஸ்க்ரூடிரைவரைச் செருகி முறுக்கினார். "கத்துண்ணா, நல்லா கத்து. நீ கத்துற வரைக்கும் எனக்குப் பேஜார் இல்ல." பிறகு, பட்டை எவ்வளவு நேரமாக இறுகியிருக்கிறது என்று டாக்டருக்குத் தெரிய, கட்டிய நேரத்தை மேசையில் கிடந்த குறிபோடும் பேனாவால் நெற்றியில் எழுதினார். வேலூரில் டாக்டர் முதலில் படித்தது அதைத்தான். கை போயிற்று, ஆள் பிழைத்தார்.

மறுநாள் சிஸ்டருக்குக் குறிப்பாணை: ஏற்றுமதித் தோலை அனுமதியின்றி வெட்டியது ஏன்? தயாரித்துக் கையெழுத்திட்டவன் நான். நடைமுறையில் ஒரு குறை கிடையாது. படித்துவிட்டு அந்தப் பேனாவை என் முன் வைத்தார். "இதுவும் கம்பெனி சாமான்தான் சார். இதையும் சேத்து எழுதுங்க." மதியமே வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஓய்வு பெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு, சென்ற மாதம் ஒரு சான்றிதழுக்காகத் தொழிற்சாலைக்குப் போனேன். பிரிவுக்கொரு சிவப்புப் பெட்டி, உள்ளே இறுக்குப்பட்டை, நேரம் எழுத நூலில் கட்டிய பேனா. பூட்ஸ் வாங்கும் வெளிநாட்டு ராணுவம் கேட்டதாம். "இப்ப லிஸ்ட்ல வந்துடுச்சி சார்" என்றார் என் நாற்காலியில் இருப்பவர். சிஸ்டரின் குறிப்பாணை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "எந்த சிஸ்டர்?" என்றார்.

அந்தக் குறிப்பாணையை ரத்து செய்ய ஒரு வரியும் ஒரு கையெழுத்தும் போதும். ஓய்வு பெறும் நாள்வரை அந்த அதிகாரம் என்னிடம்தான் இருந்தது. பேனாவில் அப்போது மையும் இருந்தது.