போகியன்று தானாக வந்த பாட்டு

என் கொழுந்தனார் தனசேகரன் இறந்த செய்தி போனில் படமாக வந்தது. நான் அதைத் திறக்கவில்லை. கார்த்திகை முடிந்தாலே அவருடைய படம் வருவது வழக்கம். திறக்காமலே மங்கலாகத் தெரியும்: கைகூப்பி நிற்பார், சுற்றிலும் பூ இருக்கும், கீழே "விரைவில்" என்று போட்டிருக்கும். பொங்கலுக்கு அவர் வெளியிடும் பாட்டுக்கு அது விளம்பரம். பதினொரு வருடமாக அந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் திறந்ததில்லை. இந்த வருடத்துப் படமும் வந்து அப்படியே கிடந்தது. மார்கழி ஏழாம் நாள் காலையில் மறுபடியும் அதே கைகூப்பல், சுற்றிலும் பூ. "ஒரு தடவை அனுப்புனது பத்தலையாக்கும்" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

சிதம்பரத்தில் என் மகள் சுதா வீட்டில் இருக்கிறேன். அரைமணி கழித்து அவள்தான் ஓடிவந்தாள்.

"அம்மா, சித்தப்பா போயிட்டாராம்மா."

"எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன்.

படத்தைத் திறந்து காட்டினாள். "விரைவில்" இருக்கிற இடத்தில் "கண்ணீர் அஞ்சலி" இருந்தது. பிளெக்ஸ் கடைக்காரர் வேறு படம் கிடைக்காமல் பழைய விளம்பரப் படத்தையே எடுத்துப் போட்டுவிட்டார். அப்போதும் நான் நம்பவில்லை. பாட்டு நாலு பேர் காதில் விழ வேண்டும் என்பதற்காக அந்த மனிதர் இதையும் செய்வார் என்றுதான் தோன்றியது. பஸ் சிப்காட்டைத் தாண்டும்வரை அதே நினைப்பு. முதுநகரில் எங்கள் தெருமுனையில் சாமியானாவைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது.

மைக்செட் தொழிலில் இருக்கிற நீங்கள் போடும் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அவர் மனைவி மல்லிகா கேட்டுக்கொண்டாள். ஐந்தாவதோடு நின்றவள் நான். நடந்ததை நடந்தபடி எழுதத்தான் தெரியும். உங்களுக்குக் கசந்தாலும் அப்படியேதான் எழுதுவேன்.

அவர் ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டினவர் என்பது உங்களுக்குத் தெரியும். வருடா வருடம் ஒரு பொங்கல் பாட்டு போட்டதும் தெரியும். அதற்குக் கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. எழுதுவது, மெட்டு போடுவது, பாட ஆள் பிடிப்பது எல்லாம் அவரே. முதலில் கேசட், அப்புறம் சிடி, அப்புறம் பென் டிரைவ், கடைசியில் சொந்தச் சேனல். மார்கழி முழுக்கக் குறிஞ்சிப்பாடி, புவனகிரி, பரங்கிப்பேட்டை என்று ஒவ்வொரு மைக்செட் கடையாக ஏறி இறங்குவார். "பண்டிகைப் பாட்டுக்கு ஆயுசு மூணு நாளு அண்ணி. அந்த மூணு நாள்ல தெருவுக்குள்ள பூந்துடணும். இல்லன்னா அடுத்த தை வரைக்கும் அது அனாத" என்பார்.

அவர் பாட்டைப் பரப்பிய விதத்தை நானே ஒருமுறை கண்ணால் பார்த்தேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். புதுச்சத்திரம் வந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், "யார் பாட்டுங்க இது? ரொம்ப நல்லா இருக்கே! எந்தக் கடையில கெடைக்கும்?" என்று கேட்டது. திரும்பினால் இவர். பென் டிரைவை டிரைவரிடம் முன்பே கொடுத்துவிட்டு, கடைசி சீட்டில் ஊர்பேர் தெரியாதவர்போல உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் சீட்டு கிழித்துக்கொண்டே சொன்னார்: "உன் பாட்டுதான்யா. உக்காரு." பஸ்ஸே சிரித்தது. இவரும் சிரித்தார். என்னைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது.

ஏன் நின்றது என்பதைச் சொல்கிறேன். அதற்கு முந்தின வருடம் ஆவணியில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாட்டுப்பொங்கலுக்குக் கும்மி கொட்டும்போது நான் பாடுவதைக் கேட்டிருக்கிறார். "இந்த வருஷம் பாட்டு உங்க குரல்லதான் அண்ணி" என்றார். என் வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இருந்தார். போய்ப் பாடு என்றார். சிதம்பரத்தில் ஒரு மாடியில், சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டிய அறை. நாலு தடவை பஸ் ஏறிப் போனேன். ஃபேன் சத்தம் விழும் என்று நிறுத்திவிடுவார்கள். ஆவணிப் புழுக்கத்தில் தைமாசக் குளிரைப் பாட வேண்டும்.

"நெல்லு குத்தும் கையி ரெண்டும் வெல்ல வாசம் வீசுதே" என்று ஒரு வரி. அதில் "வெல்ல" என்றதும் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. திரும்பப் பாடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "அந்த மூச்சு இருக்கட்டும் அண்ணி. பானைகிட்ட நிக்கிறவளுக்கு மூச்சு வாங்கத்தான செய்யும்?" யாரும் என்னிடம் அதற்கு முன்னால் அப்படிப் பேசியதில்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னேன், பொங்கலன்று என் குரல் வரும் என்று.

பொங்கலன்று காலை எல்லாப் பெண்களும் வாசலில் அடுப்பு மூட்டி நிற்கிறோம். தெருமுனைக் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. அதே மெட்டு, அதே வரிகள். குரல் வேறு. பாண்டிச்சேரிப் பெண் ஒருத்தியின் இளங்குரல். "வெல்ல வாசம்" வழுக்கிக்கொண்டு போனது, மூச்சே இல்லை. எதிர்வீட்டு சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாக்கா, ரெக்கார்டுல வயசு கொறைஞ்சிடுமா? கொமரி மாதிரி இருக்கே உன் கொரலு!" என்றாள். என் பானை பொங்கியதை அன்று நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவர் வந்தார். "கம்ப்யூட்டர்ல டிஸ்க்கு போயிடிச்சி அண்ணி. உங்க குரல் அழிஞ்சிபோச்சி. நாள் இல்லாததால வேற ஆள வெச்சிப் பாட வெச்சிட்டேன்" என்றார். மெட்டு அழியவில்லை, மேளம் அழியவில்லை, என் குரல் மட்டும் அழிந்ததாம். நான் அன்றைக்கு என்ன நினைத்தேனோ அதையேதான் இன்றும் நினைக்கிறேன். உங்களில் யாரோ ஒருவர், கடையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "கிழட்டுக் குரல், எடுபடாது" என்று சொல்லியிருக்கிறீர்கள். அவரும் தலையாட்டியிருக்கிறார். யார் என்று எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பேரை எழுதவில்லை, படிக்கும்போது அவருக்கே தெரியும்.

அதோடு அவர் பாட்டைக் கேட்பதை நிறுத்தினேன். தெருவில் ஒலித்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்துவேன். அவர் மட்டும் விடவில்லை. ஒவ்வொரு மார்கழியும் வருவார், வாசலிலேயே நிற்பார். "கேட்டுட்டுத் திட்டுங்க அண்ணி. கேக்காம திட்டாதீங்க" என்பார். ஒரு வருடம் எவனோ அவருடைய பாட்டை எடுத்து, அவர் பேரை வெட்டிவிட்டுத் தன்னுடையதென்று போட்டுக்கொண்டான். அது ஊரெல்லாம் ஓடியது. வந்து நின்று, "என் பாட்டுல என் பேரே இல்ல அண்ணி" என்றார். முகம் சுண்டிப்போயிருந்தது. "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

இனி போகியன்று நடந்தது. காரியம் முடிந்து நான் சிதம்பரம் திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. சாவு விழுந்ததால் பங்காளி வீடுகள் எதிலும் இந்த வருடம் பொங்கல் கிடையாது. ஊரே பழைய பாயைக் கொளுத்திக்கொண்டிருக்க, நான் வெறும் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். மல்லிகா போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, அவரு பாட்டு வந்திருக்கு. இங்க யாரும் போடல. தானா வந்திருக்கு."

சுதாதான் விளக்கினாள். நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டால் பாட்டு அந்த நேரத்துக்குச் சேனலில் தானாக வெளியே வந்துவிடுமாம். கார்த்திகையிலேயே குறித்து வைத்துவிட்டு, மார்கழியில் அவர் போய்விட்டார். மூன்று நாள் ஆயுசு என்று சொன்னவர், ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது என்று போகி காலையையே குறித்திருக்கிறார்.

அதற்குள் பங்காளிகளில் மூத்தவரான கோவிந்தராசு மாமா மல்லிகா வீட்டுக்கு வந்து சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். போனிலேயே கேட்டது. "செத்து ஒரு மாசம் ஆவல, பொங்கலோ பொங்கல்னு பாடறான்! ஊர் சிரிக்குது. அழிச்சிடச் சொல்லு." மல்லிகா அழுதாள். "நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா அழிச்சிடறேன்."

அழிப்பது எனக்குச் சுலபம் என்று நினைத்துத்தான் என்னைக் கேட்டிருப்பாள். கேட்காமல் திட்டாதே என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. சுதாவைப் போடச் சொன்னேன்.

மேளம் இல்லை. முதலில் ஒரு குரல் மட்டும். "நெல்லு குத்தும் கையி ரெண்டும் வெல்ல..." அங்கே மூச்சு வாங்கியது. என் மூச்சு. ஃபேன் நிறுத்திய அறையில், பதினொரு வருடத்துக்கு முன்னால் நான் விட்ட மூச்சு. கீழே எழுத்தில், பாடியவர் என்று என் பேர் இருந்தது, என் வீட்டுக்காரர் இனிஷியலோடு.

"மல்லிகா, இது எங்கிருந்து வந்துச்சி?"

"ஐப்பசியில ஸ்டுடியோக்காரரு எடத்த காலி பண்ணாருக்கா. பழைய டிஸ்க்கையெல்லாம் இவருகிட்ட குடுத்தாரு. அதுல இருந்திச்சாம். ரெண்டு நாளா அதையே கேட்டுனு கெடந்தாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"படம் அனுப்பியிருக்கேன், தொறந்தா தெரிஞ்சிக்குவாங்கன்னாரு. தெனமும் கேப்பாரு, அண்ணி போன் பண்ணாங்களான்னு."

சுதா என் போனைத் தேடி அந்தப் படத்தைத் திறந்தாள். கைகூப்பி நிற்கிறார். பக்கத்தில், எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த என் படம். இரண்டுக்கும் கீழே "விரைவில்".

மாமாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "ஊர்ல காப்பு கட்டிட்ட பிறகு சாவு வுழுந்தா திருவிழாவ நிறுத்துவமா மாமா?"

"அது ஊர் காரியம்."

"இவரும் உசுரோட இருக்கும்போதே நாள் குறிச்சிட்டாரு. அது காப்பு கட்டுன மாதிரி. அதுக்குத் தீட்டு கெடையாது. பொங்கப் பானைதான நாம வெக்கக் கூடாது? நான் வெக்கல."

மாமா அதோடு விடவில்லை. கேட்டார்: "உன் கொரலு அதுல இருக்குன்னுதான இந்த நியாயம் பேசற?"

பதினொரு வருடமாக நான் அடுத்தவர்மேல் வைத்த சந்தேகத்தை அவர் ஒரு நொடியில் என்மேல் வைத்தார். "ஆமா மாமா. இல்லன்னா நானே அழிக்கச் சொல்லியிருப்பேன்" என்றேன். அவர் போனை மல்லிகாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பாட்டு அழியவில்லை, சேனலிலேயே இருந்தது.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. துக்க வீட்டுக்காரர்கள் ஆற்றுக்குப் போக மாட்டோம். நான் மல்லிகாவைப் பார்க்கக் கடலூர் பஸ் ஏறினேன். பெண்ணையாற்றுக்குப் போகிற சனம், நிற்க இடமில்லை. சுதா போட்டுக்கொடுத்த பென் டிரைவை டிரைவரிடம் நீட்டிவிட்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போனேன். புதுச்சத்திரம் தாண்டியதும் பாட்டு வந்தது. மூச்சு வாங்கிய இடம் வரைக்கும் பொறுத்திருந்தேன்.

"யார் பாட்டுங்க இது? நல்லா இருக்கே!"

யாரும் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன். கண்டக்டர் இளவயதுக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க பாட்டாம்மா?" என்றார்.

"இல்ல. என் கொழுந்தனார் பாட்டு. பேசாம கேளு."

டிஸ்க் கதையை நான் பாதிதான் நம்புகிறேன். அன்றைக்கே அந்தக் குரல் இருந்தது, ஒளித்து வைத்தார், சாகப்போவது தெரிந்துதான் எடுத்துப் போட்டார் என்று மீதிப் பாதி சொல்கிறது. கேட்டுத் தெளிய அவர் இல்லை. திறக்காத பத்துப் படங்கள் என் போனில் கிடந்தன. தினம் ஒன்றாகத் திறந்து, அந்த வருடத்துப் பாட்டைச் சேனலில் போட்டுக் கேட்கிறேன். கேட்டுவிட்டுத்தான் திட்டுகிறேன்.