தூக்கி அடிக்காத டீம்

பிள்ளைகளுக்குப் புட்பால் சொல்லிக்கொடுப்பவனுக்கு எதிராளிகள் பதினொரு பேர் மட்டும் இல்லை. கோட்டுக்கு வெளியே நிற்கிற பேட்டை முழுக்க எதிராளிதான். நீங்களும் இதில் மாட்டியவர் என்றால் தலையாட்டுவீர்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. சாயங்காலமானால் ராயபுரத்துப் பையன்களுக்கு வாத்தியார். ஜெயித்தே பழக்கமில்லாத டீம். பந்தும் பனியனும் வாங்கித்தந்த திருநெல்வேலிக்கார மண்டி முதலாளி, தங்கையா அண்ணாச்சி, கடைசியில் கெடு வைத்துவிட்டார்: "இந்தத் தடவை கப்பு வரலைன்னா டீமைக் கலைச்சிருவேன் வே!"

முழங்காலுக்கு மேலே கூடாது

எங்கள் பையன்களுக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றே ஒன்று: பந்து காலில் பட்டதும் தூக்கி அடிப்பது. அதிலும் பின்வரிசையில் பேக் ஆடுகிற முனுசாமி அடித்தால் பந்து ரயில்வே லைனைத் தாண்டும். சனம் கைதட்டும். பந்து எதிராளிக்குப் போய்ச் சேரும். இனி முழங்காலுக்கு மேலே பந்து எழும்பினால் மைதானத்தை இரண்டு சுற்று ஓடவேண்டும் என்று சட்டம் போட்டேன். பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டு, காலி இடத்துக்கு ஓடு, திரும்ப வாங்கு.

காசிமேட்டில் கட்டுமரம் ஓட்டும் முனுசாமியின் அப்பா ஒருநாள் வந்து பார்த்தார். மனுஷனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னா வாத்யாரே, என் புள்ளைக்குக் கால்ல அம்மாம் பலம் கீது. அத்த வெச்சிகினு பந்தைப் பூனைக்குட்டி மாரி தடவச் சொல்றியே!"

ஐந்து எண்ணுவதற்குள்

பந்தை வைத்திருக்கப் பழகினார்கள். பறிகொடுத்தால்தான் வம்பு, இடுப்பில் கைவைத்து நின்று, யாரால் போனது என்று சண்டை. நம்மிடம் பந்தைப் பிடுங்கிய அந்த நொடியில் எதிராளியும் சிதறித்தான் நிற்பான், அப்போதே அவன் மேலே பாயுங்கடா என்றேன். மண்டையில் ஏறவில்லை. சரி, பந்து போனதும் எல்லாரும் உரக்க ஐந்து வரை எண்ணுங்கள், அதற்குள் கிட்டே இருக்கிற மூன்று பேர் பாய்ந்து மீட்க வேண்டும், மீட்டதும் நேரே கோலுக்குப் போகவேண்டும் என்றேன்.

ஒரு வாரம் மணலில் தொண்டை கிழியக் கத்தினோம். மீன்கூடையோடு போன கன்னியம்மா நின்று பார்த்துச் சொன்னாள்: "இஸ்கோல்ல ஏறாத கணக்கு இங்க நல்லா ஏறுது நைனா!"

பூட்ஸ் போட்டவர்கள்

எப்படியோ கப்புக்கான கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எதிரே பூட்ஸ் போட்ட பெரிய பள்ளிக்கூடத்து டீம், எங்களுக்கு வெறுங்கால். இடைவேளையில் ஒரு கோல் பின்னால். அண்ணாச்சி குடையை வீசிக்கொண்டு வந்தார். "பந்தை வச்சுப் பல்லாங்குழியா ஆடுதானுவ? தூக்கி அடிக்கச் சொல்லும்!"

"அடிக்கவா வாத்யாரே?" என்று முனுசாமி என் முகத்தைப் பார்த்தான். "தட்டு" என்றேன்.

பந்துக்குப் பின்னால் ஓடி ஓடிப் பூட்ஸ்காரர்கள் களைத்தார்கள். சின்னச் சின்னப் பாஸாகவே போய் ஒரு கோலைத் திருப்பினோம். கடைசி நிமிஷங்களில் அவர்கள் கோலுக்கு முன்னாலேயே பந்தைப் பறிகொடுத்தோம். "ஒண்ணு!" என்று டீமே கத்தியது. "ரெண்டு!" சனமும் சேர்ந்துகொண்டது. "மூணு" சொல்வதற்குள், பின்வரிசையிலிருந்து ஏறி வந்திருந்த முனுசாமி பிடுங்கி, தரையோடு தரையாக இடப்பக்கம் தள்ளினான். அங்கே ஓடிவந்த எங்கள் முன்வரிசைப் பையன் தாஸ் உள்ளே போட்டான். விசில் ஊதியதும் அண்ணாச்சி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

எதிர் டீம் வாத்தியார், நரைத்த மனிதர், வந்து என் கையைக் குலுக்கினார். "உங்க பசங்ககிட்ட பந்து இருந்தப்பகூட எனக்குப் பயமில்லை சார், அவங்க பறிகொடுத்தப்பதான் பயமா இருந்துச்சு."

புட்பால் வாத்தியாருக்குக் கிடைக்கிற மிகப் பெரிய விருது, ஜெயித்த அன்று ஒரு சாயங்காலம் மட்டும் யாரும் அவனுக்கு யோசனை சொல்லாமல் விடுவதுதான்.