நர்ஸம்மா தோற்ற வருஷம்

"ஒரே ஒரு தடவைதாங்க. அஞ்சு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று சொல்லித்தான் அவள் முதல் தேர்தலில் நின்றாள். கணவரும் தலையாட்டினார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான், ஆனால் அவ்வளவு தூரம் அவருக்கும் பார்வை எட்டவில்லை.

அவள் பிரசவ வார்டில் பதினான்கு வருஷம் நர்ஸாக இருந்தவள். தொகுதியில் பாதி வீட்டுப் பிள்ளைகளை முதலில் கையில் வாங்கியவள். தோற்பாளா? தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனாள்.

அதற்கு முன்பெல்லாம் வார்டு வேலை முடிந்து நேரே கடைக்கு வருவாள். ஷட்டரை இறக்கிவிட்டு இருவரும் ரயில்வே பாலம் வரை ஊர்வம்பு பேசிக்கொண்டே நடப்பார்கள். ஜெயித்த பிறகோ, விடிந்தால் வாசலில் மனுவோடு கூட்டம். சபை கூடினால் தலைநகரம். அவள் குரலை அவர் வீட்டில் கேட்டதைவிட ஒலிபெருக்கியில் கேட்டதுதான் அதிகம். அதற்காகவே கூட்டங்களுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருவார். தொண்டை கட்டியிருந்தால் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். வெந்நீர் பிளாஸ்கை யாரிடமாவது கொடுத்து மேடைக்கு அனுப்புவார்.

ஆறாவது தேர்தலில் எழுநூறு ஓட்டில் தோற்றாள். செய்தி கேட்டதும் அவர் மனசு துள்ளியது. அடுத்த நொடியே 'சீ, நானும் ஒரு மனுஷனா' என்று இருந்தது.

மறுநாள் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு அவளைப் பாலத்துக்கு அழைத்துப் போனார். இருபத்தைந்து வருஷத்து வம்பு அவரிடம் சேர்ந்து கிடந்தது. அவள் 'உம்' கொட்டிக்கொண்டே வந்தாள்.

"இந்த லைட்டு எத்தனை நாளா எரியல?"

"அது இனிமே உன் கவலை இல்லம்மா."

"ஆமா" என்றாள். அந்த ஒற்றை 'ஆமா' அவரை என்னவோ செய்தது. பக்கத்திலேயே நடந்தாள், ஆனால் அவர் ஏங்கியது இவளுக்காக இல்லை.

அப்புறமும் காலையில் குளித்து, தலைவாரி, முன்னறையில் வந்து உட்காருவாள். ஒரு காக்கை குருவி வராது.

ஒரு மாதம் கழித்து, கண்ணாடி வாங்க வந்த பெண்ணொருத்தி கடையில் புலம்பினாள். அவள் அம்மாவுக்குப் பென்ஷன் நின்று எட்டு மாதமாம்; ஆபீசில் நாளை வா, நாளை வா என்கிறார்களாம். அவர் பிரேமைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வாயைத் திறக்காவிட்டால் அவளோடு பாலம்வரை நடக்கும் சாயங்காலம் அவருடையது.

"எங்க வீட்டுக்குப் போங்க. அவங்க இருக்காங்க."

"நர்ஸம்மா இப்பப் பதவியில இல்லியே?"

"பதவிதானே போச்சு? வாய் இருக்கில்ல?"

சாயங்காலம் வீடு பூட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"ஏங்க, பென்ஷன் ஆபீஸ்ல இருக்கேன். கையெழுத்து வாங்காம எழுந்திருக்கறதா இல்ல. நீங்க சாப்பிட்டுடுங்க."

"சரிம்மா" என்றார். அவள் போனை அணைக்க மறந்து அங்கே யாரையோ அதட்டத் தொடங்கினாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.