ஜீப்பு அண்ணன் தூக்கிய கை

என் மேசை இழுப்பறையில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு வீடியோ கேசட் கிடக்கிறது. குரங்கணியில் ஒரு கல்யாணத்துக்கு நான் எடுத்தது. பந்தி நடுவே ஒரு மனிதரை வெட்டிக் கொன்றதும் அதில் இருக்கிறது.

செத்தது எங்கள் ஜீப்பு அண்ணன். போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஜீப்பு ஓட்டுகையில் எதிரே வண்டி வந்தால் ஹாரன் அடிக்க மாட்டார். வெறும் உள்ளங்கையை வெளியே தூக்கிக் காட்டி, "பொறு மாப்ளே, நீ மொதல்ல போ" என்பார். மாப்பிள்ளை வீட்டாரைத் தாமதமாகக் கொண்டுவந்தார் என்று வாய்த்தகராறு தொடங்கிய கல்யாணப் பெண்ணின் தாய்மாமன், அரிவாளோடு பாய்ந்தான். வெட்டு கழுத்தில் விழுந்தது. சாம்பார் வாளிவரை ரத்தம் தெறித்தது. நான் கேமராவை இறக்கவில்லை. தைரியம் என்று ஊர் சொன்னது. உண்மையில் பயத்தில் கை விறைத்துப்போயிருந்தது.

மாமன் சிறையிலிருந்து திரும்பிய பின், வழக்கு முடிந்து என்னிடம் வந்திருந்த கேசட்டைக் கணினிக்கு மாற்றித் தரச் சொன்னார்கள் பெண் வீட்டார். அந்தக் கேமரா ஒவ்வொரு படத்தையும் ஒன்றுவிட்டு ஒன்று வரிகளாக, இரண்டு பாதியாக, நொடியில் சிறு துளி முன்னும் பின்னுமாக எடுக்கும். அப்படியே மாற்றினால் அசையும் கையின் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும். "என்னண்ணே, புழு நெளியுது?" என்று கல்யாண வீடியோ வாங்கும் எஸ்டேட்காரர்கள் திட்டுவார்கள். அதனால் எல்லாக் கல்யாணத்துக்கும் இரண்டு பாதியையும் கலந்துவிடும் அமைப்பையே வைப்பேன். கொலைக்கும் அதையே வைத்தேன், மடையன்.

கலந்ததில், மாமனின் அரிவாள், வெட்டு விழும்முன் அண்ணன் தூக்கிய கைமேல் படிந்து, அவரே பிடித்திருப்பதுபோல் ஆகிவிட்டது. அந்த ஒரு படத்தை நிறுத்தி எடுத்துப் பெண் வீட்டார் போன் போனாக அனுப்பினார்கள். "வெட்ட வந்தவனத்தான வெட்டுனோம்!" அதைக் காட்டியே அண்ணன் மகனை ஜீப்பு ஸ்டாண்டில் போட்டு மிதித்து மண்டையைப் பிளந்தார்கள்.

மறுவாரம் அண்ணன் மனைவி என் வீடியோ கடைக்கு வந்தார். "ஒங்க அண்ணன் அருவா எடுத்தாரா தம்பி? நீதான பக்கத்துல நின்ன?"

அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கே நிச்சயமில்லாமல் போயிருந்தது. கேசட்டை மறுபடி ஓட்டி, இந்த முறை இரண்டு பாதியையும் தனித்தனிப் படமாகப் பிரிக்கும் அமைப்பை வைத்தேன். முன்பாதியில் அரிவாள் மாமன் கையில் இருந்தது. பின்பாதியில் அது கீழே இறங்கிவிட்டது. அது இருந்த இடத்தில் அண்ணனின் வெறும் உள்ளங்கை, வளைவில் காட்டுவாரே, அதேபோல.

அண்ணி திரையைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். "எம்புள்ள மண்டைய ஒடைச்சது நீதான்டா!"

சரியான படத்தை ஊரெல்லாம் அனுப்பினேன். பாதிப் பேர் திறக்கவே இல்லை. கேசட்டை வாங்கிப்போக யாரும் வரவில்லை. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் கன்னம் எரிகிறது. மகன் இப்போது தையல் தழும்போடு ஜீப்பு ஓட்டுகிறான். வளைவுகளில் எதிரே வருகிற எல்லோருக்கும் அப்பாவைப் போலவே உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுகிறான். என் வண்டிக்கு மட்டும் தூக்குவதில்லை.