மோரி வழியே வந்த மழை

கல்யாணமாகி நான் ஸ்ரீராம்புரத்துக்கு வந்த புதிதில் மழை சொல்லிக்கொண்டுதான் வரும். மதியம் மூடாக்குப் போடும், சாயங்காலம் தூறும், ராத்திரி முழுக்கச் சொட்டும். ஓடு ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைக்க, கூலிக்கு உருட்டி வாசலில் காயவைத்த ஊதுபத்தியை அள்ள, எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. வீட்டு மூலையில் பாத்திரம் கழுவும் மோரி. அதன் ஓட்டை, சுவரைத் தாண்டிச் சந்துச் சாக்கடையில் திறக்கும். பெருச்சாளி வராமலிருக்கக் கோணியைச் சுருட்டி அடைத்திருப்போம். மழை வலுத்தால் கோணியைப் பிடுங்கிவிடுவது எங்கள் சந்தின் வழக்கம். ஒழுகின தண்ணீர் வெளியே போய்விடும்.

சில வருஷங்களில் மழையின் குணமே மாறிவிட்டது. நாள் முழுக்கப் பெய்ய வேண்டியதை உலை கொதிக்கிற நேரத்தில் கொட்டிவிட்டுப் போகும். பின்னாலேயே வெயில் அடிக்கும்.

"மில்லு சங்கு ஊதினா ஓடுற ஜனம் மாதிரி இல்ல ஓடுது இந்த மழ!" என்று எதிர்வீட்டு அக்கா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. நாலாம் வகுப்போடு நின்றவள், எனக்கென்ன தெரியும். ஆனாலும் வானத்தில் கொஞ்சம் கறுப்பு தெரிந்தால் போதும், கைவேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பேன்.

அன்று வீட்டுக்காரர் மில்லில். கைக்குழந்தை பாயில் தூங்கினாள். பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு கொட்டியது. ஓட்டிலிருந்து தாரை தாரையாக உள்ளே விழுந்தது. அக்கா தன் வாசலிலிருந்து கத்தினாள்: "ஏம்மா, மோரியத் தெறந்து வுடு! புள்ள நனைஞ்சிடப் போவுது!"

பிடுங்கினேன். தண்ணீர் வெளியே போகவில்லை. கறுப்பாக உள்ளே பீறிட்டது. சாக்கடை எங்கள் தரைக்கு மேலே ஏறி நின்றிருக்கிறது. கோணியைத் திரும்பத் திணித்தால் கையோடு தள்ளிவிடுகிறது. திரும்பிப் பார்க்கிறேன், பாய் நகர்கிறது, குழந்தையோடு.

எப்படித் தூக்கினேனோ. குழந்தையின் முதுகெல்லாம் நனைந்திருந்தது. அழவில்லை. அழாததுதான் என்னைக் கொன்றது. டிரங்குப்பெட்டி மேல் ஏறி நின்று உள்ளங்காலைச் சுண்டினேன். மறுபடியும் சுண்டினேன். வீறிட்டாள்.

"அர மணி மழைக்கு இத்தினி ஆர்ப்பாட்டமா? நீ கோணிய எடுக்காம இருந்திருக்கணும்" என்றார் மில்லிலிருந்து திரும்பிய வீட்டுக்காரர்.

"எடுக்கலன்னா ஓட்டுத் தண்ணி எங்க போவும்?"

அவர் கூரையைப் பார்த்தார், மோரியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு மேகம் கறுத்தாலே மகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெரு டீக்கடையோரம் போய் நின்றுவிடுவேன். பல நாள் ஒரு சொட்டும் விழாது. திரும்பி வரும்போது, "இன்னிக்கும் ஏமாத்திடுச்சா?" என்று அக்கா கிண்டல் செய்வாள்.

ஒரு நாள் நான் போனபோது, எனக்கு முன்னாலேயே அவள் தன் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நின்றிருந்தாள். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.